பொலி எங்கே? ஹாலிவுட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏ.எம்.பி.டி.பி. என்று அழைக்கப்படும் திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பாளர் கூட்டமைப்பின் உறுப்பினர் நிறுவனங்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடமாகக் கணக்கெழுதிப் பிழைப்பவன். அதில் இருபத்தைந்து வருடமாவது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சிட்காம் என்கிற உங்கள் சிரிப்புத் தொடர்களைப் பார்த்துவிட்டுத் தூங்கியவன். உங்களிடம் நடிகர்கள் பேசியிருக்கிறார்கள், எழுத்தாளர்கள் பேசியிருக்கிறார்கள், வக்கீல்கள் பேசாத நாள் இருக்காது. சந்தா கட்டுகிறவன் பேசி நான் பார்த்ததில்லை. அதனால் இந்த மடல்.

2023 அக்டோபரில் அவன் பெயர் ஒருமுறை அடிபட்டது. நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தது. ஓடிடி வருமானத்தில் நடிகர்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டது. அதனால் உங்களுக்கு ஆகும் செலவு சந்தாதாரர் ஒருவருக்கு வருடத்துக்கு 57 சென்ட்டுக்கும் குறைவு என்று கணக்கும் சொன்னது. நீங்கள் பேச்சுவார்த்தையை விட்டு எழுந்து போனீர்கள். இது ஒவ்வொரு சந்தாதாரர் மேலும் போடுகிற வரி என்கிற மாதிரி பேசினார் நெட்ஃபிளிக்ஸின் டெட் சரண்டோஸ். அன்றைய மதிப்பில் 57 சென்ட் என்பது நாற்பத்தேழு ரூபாய்ச் சொச்சம். எங்கள் தெருமுனைக் கடையில் இரண்டு டீ, ஒரு வடை. அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை. என்னைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்தே கொடுத்திருப்பேன். என் பாஸ்வேர்டில்தான் அவர் ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, காசுக்கு வருவதற்கு முன்னால் ஒரு வீட்டுக் கதை, சின்னதாக. என் தாத்தா சோழவந்தான் பக்கம் வாரத்துக்கு உழுதவர். நிலம் இன்னொருவருடையது, உழைப்பு இவருடையது, விளைச்சலில் ஆளுக்கு ஒரு பங்கு. குத்தகை என்றால் வேறு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுத்துவிட வேண்டும். கூலி இன்னும் வேறு. மாலையில் காசை வாங்கிக்கொண்டு போனால் அந்த நெல்லோடு உறவு முடிந்தது. வாரத்தில் அறுப்பு முடிந்து, தூற்றி, களத்தில் பொலியாக, அதாவது நெற்குவியலாகக் குவித்த பிறகுதான் அளப்பார்கள். நிலக்காரர் ஒரு பக்கம், உழுதவர் ஒரு பக்கம். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். தாத்தா சொல்வார், பங்கில் எத்தனையோ தடவை சண்டை வந்திருக்கிறது, பொலி எவ்வளவு பெரியது என்பதில் மட்டும் சண்டை வந்ததே இல்லை என்று. அது இரண்டு பேர் கண் முன்னாலும் கிடக்கும் அல்லவா.

உங்கள் தொழிலில் வாரம் எப்படி நுழைந்தது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. என் பக்கத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1951-ல் ‘ஐ லவ் லூசி’ என்கிற சிட்காம் தொடங்கப்போகிறது. அந்தக் காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகளை நியூயார்க்கிலிருந்து நேரலையாக நடித்துக் காட்டுவார்கள். தூரத்து ஊர்களுக்கு, டிவி திரையையே படம்பிடித்த மங்கலான பிரதி போகும். அதில் நடித்த லூசில் பாலும் அவர் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டோம், ஃபிலிமில் எடுக்கிறோம் என்றார்கள். செலவு கூடுமே என்று ஒளிபரப்பும் நெட்வொர்க்கான சி.பி.எஸ்ஸும், விளம்பரம் கொடுத்த சிகரெட் கம்பெனியும் முகம் சுளித்தன. அப்படியானால் எங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு ஆயிரம் டாலரைக் கழித்துக்கொள்ளுங்கள் (இது ஏழு நாள் வாரம்), எடுத்த ஃபிலிம் மட்டும் எங்களுக்குச் சொந்தம் என்றார்கள். ஒருமுறை காட்டி முடித்த ஜோக்கை யார் மறுபடி பார்க்கப்போகிறார்கள்? நெட்வொர்க் ஒத்துக்கொண்டது. சில வருடத்தில் அதே எபிசோடுகளை அதே சி.பி.எஸ். நாற்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. தம்பதியின் டெசிலு நிறுவனம் 1957-ல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவையே விலைக்கு வாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

மறுபடி பார்ப்பார்கள். சிட்காமின் பணமெல்லாம் இந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு துப்பறியும் தொடரை இரண்டாவது முறை பார்க்க ஆள் கம்மி. சிட்காமில் எந்த எபிசோடிலும் நடுவில் நுழையலாம், அடுத்து என்ன வசனம் வரும் என்று தெரிந்தேதான் சிரிக்கிறோம். ஸ்டூடியோக்கள் இதை வைத்துத்தான் கணக்குப் போட்டன. நெட்வொர்க் தரும் உரிமக் கட்டணம் தயாரிப்புச் செலவுக்குப் போதாது. முதல் சில வருடம் ஸ்டூடியோ கையைக் கடித்துக்கொண்டு எடுக்கும். எபிசோடுகள் நூறை நெருங்கியதும் உள்ளூர் நிலையங்களுக்கு விற்கும். அவர்கள் வாரம் ஐந்து நாள், தினம் ஒன்று என்று ஓட்டினால் நூறு எபிசோட் இருபது வாரத்துக்கு வரும். அதற்குள் முதல் எபிசோட் மறந்துபோயிருக்கும். கடைசி சீசன் முடிந்து இருபது வருடம் ஆன பிறகும் காய்க்கும்.

‘தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்’ என்பார்கள் எங்கள் பக்கம். நூறைத் தொட்ட சிட்காம் தென்னை. நீங்கள் நட்டதில் பெரும்பாலான கன்றுகள் முதல் கோடையிலேயே பட்டுப்போயின என்பதும் எனக்குத் தெரியும். பைலட் என்கிற மாதிரி எபிசோடை எடுத்துப் பெட்டியில் போட்டவை, ஆறு எபிசோடில் நின்றவை, எல்லாவற்றின் நஷ்டத்தையும் தேறிய ஒன்றிரண்டுதான் சுமக்க வேண்டும். தேறிய மரத்தில் காயைப் பறிக்க வருகிறவர்களைப் பார்த்து உங்களுக்கு எரிச்சல் வருவது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் வெறும் கையோடு போன காலமும் இருந்தது. ஏழு பேர் ஒரு தீவில் மாட்டிக்கொள்கிற ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ 1964 முதல் 1967 வரை 98 எபிசோட் வந்தது. அமெரிக்காவில் அதற்குப் பிறகு இரண்டு தலைமுறை அதைப் பள்ளிவிட்டு வந்து பார்த்தது. நடித்தவர்களுக்கோ அன்றைய ஒப்பந்தப்படி முதல் சில மறு ஒளிபரப்புக்கு மட்டும்தான் பணம். ரெசிடுவல் என்கிற மறு ஒளிபரப்புப் பங்கு, ஓடுகிற வரை உண்டு என்ற நிலை 1974 ஒப்பந்தத்தில்தான் வந்தது. பின்தேதியிட்டு யாருக்கும் கிடைக்கவில்லை. அந்தத் தீவில் மாட்டிக்கொண்ட ஏழு பேரும் உண்மையிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

தனியாக நின்று கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1980-ல் ‘த்ரீஸ் கம்பெனி’யின் சூசன் சோமர்ஸ் சாட்சி. எபிசோடுக்கு 30,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவர், கூட நடித்த ஜான் ரிட்டருக்கு நிகராக 1,50,000 டாலரும் லாபத்தில் ஒரு பங்கும் கேட்டார். கிடைத்தது தண்டனை. மற்ற நடிகர்களோடு சேர்ந்து நடிக்கவே விடவில்லை; தனி செட்டில், டெலிபோனில் பேசுகிற மாதிரி ஒரு நிமிடக் காட்சி. அப்புறம் அதுவும் இல்லை. அந்தத் தொடரைக் காலையில் காப்பியோடு பார்த்துச் சிரித்தவன்தான் நானும். அந்த டெலிபோன் காட்சிகளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அதற்குப் பிறகு அவற்றைப் பார்க்கச் சிரிப்பு வரவில்லை.

‘ஃப்ரெண்ட்ஸ்’ நடிகர்கள் ஆறு பேரும் இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர்கள். 1994-ல் ஆளுக்கு எபிசோடுக்கு 22,500 டாலரில் தொடங்கினார்கள். இரண்டாவது சீசனில் சிலருக்குக் கூடியது, சிலருக்குக் கூடவில்லை. கூடுதலாக வாங்கக்கூடிய இடத்தில் இருந்த டேவிட் ஷ்விம்மர், ஆறு பேரும் ஒன்றாகப் பேசுவோம், ஆறு பேருக்கும் ஒரே சம்பளம் என்றார். அதற்காக ஷ்விம்மரும் ஜெனிஃபர் அனிஸ்டனும் கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருந்தது. மூன்றாவது சீசனில் 75,000. ஏழாவதில் ஏழரை லட்சம். கடைசி இரண்டு சீசனில் பத்து லட்சம் டாலர். உலகம் இந்தப் பத்து லட்சத்தைத்தான் வாயைப் பிளந்து பார்த்தது. எனக்கென்னவோ 2000-ல் அவர்கள் வாங்கிய இன்னொன்றுதான் பெரிதாகப் படுகிறது: மறு விற்பனை லாபத்தில் பங்கு. அதாவது வாரம். அதுவரை அது தொடரின் சொந்தக்காரர்களாகவும் இருந்த ஒருசில நட்சத்திரங்களுக்குத்தான் வாய்த்தது. ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் ஜெர்ரி சைன்ஃபெல்டுக்கு அந்தப் பங்கு உண்டு. கூட நடித்த மூவரும் 1997-ல் சண்டை போட்டு எபிசோடுக்கு ஆறு லட்சம் வரை ஏற்றிக்கொண்டார்கள். அந்த மாதிரிப் பங்கு மட்டும் கிடைக்கவில்லை. பெரிய கூலி, ஆனால் கூலிதான்.

பத்து லட்சம் அநியாயமா? கணக்கெழுதுகிறவனாக ஒரு வரி எழுதிப் பார்த்தேன். ஆறு பேருக்கு அறுபது லட்சம். 2004 மே 6 அன்று ஒளிபரப்பான இறுதி எபிசோடை அமெரிக்காவில் சுமார் 5.25 கோடிப் பேர் பார்த்தார்கள். அதில் அரை நிமிட விளம்பரத்துக்குச் சுமார் 20 லட்சம் டாலர் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. மூன்று விளம்பரம் போட்டால் ஆறு பேர் சம்பளமும் வந்துவிடுகிறது. எல்லா வாரமும் இறுதி எபிசோட் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதே தொடரின் அமெரிக்க ஓடிடி உரிமைக்கு 2019-ல், முடிந்து பதினைந்து வருடம் கழித்து, ஐந்து வருடத்துக்கு 42.5 கோடி டாலர் பேசப்பட்டதே, அதையும் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டுமில்லையா?

இந்தப் பெரிய சம்பளக் கதைகளில் எனக்குப் பிடித்தது ‘தி பிக் பேங் தியரி’. 2017-ல் அசல் ஐந்து பேரும், நம்ம குணால் நய்யாரும் அதில் உண்டு, எபிசோடுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டாலரைக் குறைத்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. பின்னால் சேர்ந்து அவர்களில் பாதிகூட வாங்காமல் இருந்த மேயிம் பியாலிக், மெலிசா ராவ்ச் இருவருக்கும் சம்பளம் கூடட்டும் என்பதற்காக. நல்ல காரியம். ஆனால் யோசித்தால் ஒரு விசித்திரம்: அந்தக் கூடுதல் பணம் முதலாளி பையிலிருந்து வரவில்லை, சக நடிகர் பையிலிருந்து வந்தது.

இப்படிப் பத்து லட்சக் கதைகளையே கேட்டுக்கேட்டு நாங்களும் நடிகர் என்றால் மாளிகை என்று நினைத்துவிட்டோம். சாக்-ஆஃப்ட்ராவில் சுமார் 1,60,000 பேர். 2023-ல் அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்க வருடத்துக்கு 26,470 டாலர் நடிப்பில் சம்பாதித்திருக்க வேண்டும். நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் அதை எட்டவில்லை என்று சங்கம் சொன்னது. சிட்காமில் கதவைத் தட்டிவிட்டு வருகிற பக்கத்து வீட்டுக்காரர், நாலு எபிசோடில் மேனேஜராக வந்தவர், ஒரே காட்சியில் பீட்சா கொண்டுவந்து நம்மைச் சிரிக்கவைத்தவர், இவர்கள்தான் அந்த எண்பத்தைந்து. வேலை இல்லாத மாதத்தில் தபாலில் வரும் ரெசிடுவல் செக்குதான் இவர்களுக்கு வாடகை.

அந்தச் செக் நின்றால் என்ன ஆகும் என்பதை ‘தி காஸ்பி ஷோ’வில் மருமகனாக நடித்த ஜெஃப்ரி ஓவன்ஸ் விஷயத்தில் பார்த்தோம். தொடரின் நாயகன் பில் காஸ்பி மீதான பாலியல் குற்றச்சாட்டுகள் வெளியே வந்து மறு ஒளிபரப்புகள் நிறுத்தப்பட்டன. நிறுத்தியது சரிதான். தப்பே செய்யாத ஓவன்ஸின் வருமானமும் அதோடு அடிபட்டது. 2018-ல் அவர் நியூ ஜெர்சியில் ஒரு மளிகைக் கடைக் கவுன்ட்டரில் வேலை செய்வதை யாரோ படம்பிடித்துக் கேலிச் செய்தியாக்கினார்கள். உழைத்துச் சாப்பிடுவதில் என்ன வெட்கம் என்கிற மாதிரி நிதானமாகப் பதில் சொன்னார் மனிதர். எனக்கு அதில் அவர் வேலை பார்த்ததைவிட, உலகப் புகழ்பெற்ற ஒரு சிட்காமில் நடித்தவரின் குடும்பத்துக்கு அந்தச் செக் எவ்வளவு அவசியமாக இருந்திருக்கிறது என்பதுதான் தைத்தது.

இனி உங்கள் புது வயலுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்த ஒரே ஆங்கிலத் தொடர் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’. உங்கள் அலுவலகம் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸின் ஷெர்மன் ஓக்ஸில்தான் கதை நடக்கிறது. தமிழ்ப் பெண் தேவி விஸ்வகுமார், அவள் அம்மா நளினி, வீட்டில் ஒரு பாட்டி. தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களில் இருந்து தேர்வானவர். உருவாக்கியவர்களில் ஒருவரான மிண்டி கேலிங்கின் அப்பாவும் தமிழர். கேலிங் வளர்ந்தது ‘தி ஆஃபீஸ்’ எழுத்தறையில். அது 201 எபிசோட். அவருடைய தேவிக்குக் கிடைத்தது நாலு சீசன், சீசனுக்குப் பத்து, மொத்தம் 40. வெற்றி பெற்ற தொடருக்கே இவ்வளவுதான். பழைய கணக்கில் 22 எபிசோட் சீசன் என்றால் இரண்டு வருடத்தில் இது முடிந்திருக்கும், ஐந்தாவது வருடத்தில் நூறைத் தொட்டிருக்கும். இப்போது நூறு என்கிற எல்லைக்கே வேலை இல்லை. ஏனென்றால் வெளியே யாருக்கும் விற்கப்போவதில்லை.

ஓடிடி தன் தொடர்களுக்குப் பெரும்பாலும் தயாரிப்புச் செலவும் அதன் மேல் ஒரு குறிப்பிட்ட விகிதமும் கொடுத்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டூடியோவுக்கு நஷ்ட பயம் இல்லை. நடிகருக்கு முன்பணம் மோசமில்லை. எல்லாம் சரி, ஆனால் இது வாரம் இல்லை, கூலி. நன்றாக விளைந்தால் உழுதவனுக்கு ஒன்றும் கூடாது. சீசனுக்கு எட்டு, பத்து எபிசோட் என்பதால் எபிசோட் கணக்கில் வாங்குகிற சம்பளமும் பாதியாகிவிடுகிறது. அடுத்த சீசன் எப்போது என்று தெரியாமல் வேறு வேலையை ஒப்புக்கொள்ளவும் தயங்க வேண்டியிருக்கிறது.

118 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 2023 நவம்பரில் ஒரு வெற்றி போனஸுக்கு ஒத்துக்கொண்டீர்கள். நான் அதைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். பிறகு விதியைப் படித்தேன். ஓடிடிக்கென்றே எடுத்த தொடரை, வெளியான முதல் 90 நாளில், அல்லது பின்னால் வரும் ஏதாவது ஒரு வருடத்தின் முதல் 90 நாளில், உள்நாட்டுச் சந்தாதாரர் எண்ணிக்கையில் 20 சதவீதத்துக்கு ஈடான அளவு பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் போனஸ்.

கணக்கெழுதுகிறவன் கண்ணுக்கு இதில் இரண்டு இடறுகின்றன. முதலாவது அந்த 90 நாள். கீரை விதைத்தவனுக்கு 90 நாள் தாராளம்; தென்னைக்கு அது என்ன கணக்கு? பெரிய விளம்பரத்தோடு வந்து ஒரு மாதம் ஊரே பேசிவிட்டு மறந்துபோகும் திகில் தொடருக்கு இந்த விதி பொருந்தும். சிட்காம் அப்படி விளைவதில்லை. ‘தி ஆஃபீஸ்’ 2013-ல் முடிந்தது. ஊரடங்கு வந்த 2020-ல் அமெரிக்காவில் ஓடிடியில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட தொடர் அதுதான். பார்வையை அளக்கிற நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி 5,710 கோடி நிமிடம். வருடமாக்கிப் பார்த்தேன், 1,08,000 வருடத்துக்கு மேல் வருகிறது. ஏழு வருடத்துக்கு முன் முடிந்த தொடர்! அது தினம் கொஞ்சம் கொஞ்சமாக, சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, தூக்கம் வராதபோது பார்த்தது. இப்படிச் சொட்டுச்சொட்டாகச் சேர்கிற பார்வையை 90 நாள் படியால் அளக்கவே முடியாது. புது சிட்காம் ஒன்று அப்படி ஓடினால்கூட, அந்த 20 சதவீதக் கோட்டை அது எந்த 90 நாளிலும் தொடாமலே போகலாம். பத்து வருடம் உங்கள் சந்தாதாரரை வெளியேறாமல் பிடித்துவைத்தும் போனஸ் கிடைக்காமல் இருக்கலாம்.

இரண்டாவது அந்த ‘உள்நாட்டு’. நான் மதுரையில் இருக்கிறேன். என் சந்தாப் பணத்தை வாங்கிக்கொள்கிறீர்கள். நான் பார்ப்பது போனஸ் கணக்கில் இல்லை. வெளிநாட்டுக்கென்று தனியே ஒரு ரெசிடுவல் உண்டு, அதையும் ஒப்பந்தத்தில் கூட்டினீர்கள் என்பது தெரியும். ஆனால் நாங்கள் ஒரு தொடரைத் தலையில் வைத்துக் கொண்டாடினாலும், ஒருவரும் பார்க்காவிட்டாலும் அந்தப் போனஸில் ஒன்றும் மாறப்போவதில்லை. உலகச் சந்தை என்று பங்குதாரர்களிடம் பெருமையாகச் சொல்லும்போது மட்டும் எங்களை எண்ணுகிறீர்கள்.

இதற்கெல்லாம் கீழே கிடப்பது பொலி விவகாரம். பழைய காலத்தில் நீல்சன் எண் ஊருக்கே தெரியும். எந்த நிலையம் என்ன விலைக்கு வாங்கியது என்பதும் ஏறக்குறையத் தெரியும். ஷ்விம்மர் அணி பேசப் போனபோது எத்தனை கோடிப் பேர் பார்க்கிறார்கள் என்பது மேசைக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது. ஓடிடி வந்து பல வருடம் வரை தன் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே நடித்தவருக்குத் தெரியாது. நெல்லை இருட்டில் அறுத்து உங்கள் களஞ்சியத்தில் கொட்டிவிட்டு, விளைச்சல் சுமார்தான் என்றீர்கள். 2023 டிசம்பரில் இருந்து நெட்ஃபிளிக்ஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆயிரக்கணக்கான தலைப்புகளுக்குப் பார்த்த மணிநேரத்தை வெளியிடுகிறது. அதற்கு மனதார நன்றி. அதைப் பார்த்துத்தான் இவ்வளவு நாள் எவ்வளவு இருட்டில் இருந்தோம் என்று புரிந்தது. மற்றவர்கள்?

விற்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டுக்காரர் ஆனபோது இது இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் 1970 முதல் ஒரு விதி இருந்தது: நெட்வொர்க்குகள் தாங்கள் காட்டும் தொடர்களின் மறு விற்பனையில் கை வைக்கக் கூடாது. தொண்ணூறுகளில் அது விலக்கப்பட்டது. அதன் பிறகு ஸ்டூடியோ, நெட்வொர்க், ஓடிடி எல்லாம் ஒரே கூரைக்கு வந்தன. ‘தி ஆஃபீஸை’ நெட்ஃபிளிக்ஸிடமிருந்து திரும்ப எடுக்க என்.பி.சி. யுனிவர்சல் ஐந்து வருடத்துக்கு 50 கோடி டாலர் விலை வைத்தது. விற்றதும் வாங்கியதும் அதே குடும்பம். வெளியாள் போட்டிக்கு இருந்ததால் அங்கே விலை உயர்ந்தது. போட்டி இல்லாத இடத்தில்? ‘போன்ஸ்’ சிட்காம் இல்லை, ஆனால் அந்த வழக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபாக்ஸ் தானும் பங்கு வைத்திருந்த ஹுலு ஓடிடிக்கு அதை மலிவாகக் கொடுத்ததால் தங்கள் லாபப் பங்கு குறைந்தது என்று நடிகர்களும் தயாரிப்பாளரும் வழக்குக்குப் போனார்கள். 2019-ல் நடுவர் 17.9 கோடி டாலர் தரச் சொன்னார். அதில் தண்டத் தொகையை நீதிபதி பிறகு நீக்கிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் ஒருதலையாகக் கணக்கு எழுதுவதில்லை. வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றும்போது நடுவில் கொஞ்சம் கீழே விழுகிறது என்பதற்காகச் சொன்னேன்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் சின்னதில்லை. கேபிளை எல்லோரும் துண்டிக்கிறார்கள், விளம்பரப் பணம் யூடியூபுக்கும் போனுக்கும் போய்விட்டது, ஓடிடி நடத்தி வருடக்கணக்கில் பல நூறு கோடி டாலர் கை நஷ்டப்பட்டவர்கள் உங்களில் உண்டு. சிக்கனம் வேண்டியதுதான். ஆனால் சிக்கனம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ‘பாப் ஹார்ட்ஸ் அபிஷோலா’ ஐந்தாவது சீசனுக்குப் போனபோது, முக்கிய இருவரைத் தவிர மற்ற நடிகர்கள் நிரந்தரக் குழுவிலிருந்து இறக்கப்பட்டார்கள். ஆளுக்கு ஐந்து எபிசோடுக்கு மட்டும் சம்பள உத்தரவாதம். நாலு வருடம் ஒரு குடும்பமாகத் திரையில் இருந்தவர்கள். நைஜீரியக் குடும்பத்துப் பெரியம்மாவும் மாமாவும் இல்லாவிட்டால் அந்தத் தொடரில் சிரிக்க என்ன மிச்சம் இருக்கிறது? சிட்காம் என்பது வீடு நிறைய ஆள் இருந்தால்தான் நடக்கும்.

மதுரைக்காரனுக்கு எதற்கு இந்த வம்பு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர் மெகா தொடர்களில் நடிகர்களுக்குப் பெரும்பாலும் நாள் கணக்கில் சம்பளம். ஆயிரம் எபிசோட் ஓடினாலும் நாள் கணக்குதான். மறு ஒளிபரப்புக்குப் பங்கு என்கிற பேச்சை எங்கள் சின்னத்திரையில் பெரிதாகக் கேட்டதில்லை. என்றைக்காவது இங்கே யாராவது எழுந்து கேட்டால், ‘அமெரிக்காவில் கொடுக்கிறார்களே’ என்று காட்ட ஒரு முன்மாதிரி வேண்டும். அதை நீங்கள் கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 90 நாள் கோட்டோடு, மொத்தமாக ஓடிய மணிநேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை கோடி மணிநேரம் தாண்டினால் இவ்வளவு என்று படிப்படியாக வைத்தால், மெதுவாகக் காய்க்கிற மரத்துக்கும் ஒரு நாள் கிடைக்கும். எந்த நாட்டில் பார்த்தாலும் மணிநேரம் மணிநேரம்தான். எங்கள் சந்தா மலிவு, அதனால் எங்கள் மணிக்குக் குறைந்த மதிப்புப் போட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். போனஸ் வாங்கும் பட்டியலில் பீட்சா கொண்டுவந்தவர் பெயரும் இருக்கட்டும். சொந்த ஓடிடிக்கே விற்கும்போது விலை சரிதானா என்று வெளியாள் ஒருவர் பார்க்கட்டும். எண்களை வெளியே சொல்வது வியாபார ரகசியம் போகிற காரியம் என்றால், நடித்தவருக்காவது அவர் நடித்த தொடரின் எண் தெரியட்டும்.

அந்த 57 சென்ட் விஷயத்தில் நான் இன்னும் தயாராகத்தான் இருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் என் மகள் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது முறை. நளினி தேவியைத் திட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் இவள் முந்திக்கொண்டு சொல்கிறாள். 2023 ஜூனில் முடிந்த தொடர், உங்கள் போனஸ் ஒப்பந்தம் வருவதற்கு முன்பே. பார்க்கிறவள் இருப்பது மதுரையில். பூர்ணா ஜெகன்னாதனுக்கும் மைத்ரேயிக்கும், தேவியின் வகுப்பறையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும், இந்த அரை மணி நேரம் உங்கள் பேரேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது என்று பதில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு சந்தாதாரன்